கீழே வைக்காத பை

கையில் கொடுத்தால் வாங்க மாட்டார். கையில் கொடுக்கவும் மாட்டார். எங்கள் பலசரக்குக் கடைக்கு அவர் வரத் தொடங்கிய புதிதில் எனக்கு இதுதான் பெரிய எரிச்சல். பருப்போ சீனியோ பொட்டலம் கட்டி நீட்டினால் வாங்காமல் மேசையைப் பார்ப்பார். மேசையில் வைத்தால் எடுத்துக்கொள்வார். ரூபாயையும் மேசையில்தான் வைப்பார். நான் வேண்டுமென்றே மீதிச் சில்லறையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவரும் சிரித்த முகமாக நிற்பார். பின்னால் நிற்கிற ஆள் சத்தம் போட்ட பிறகு தோற்றுப்போவது நானாகத்தான் இருக்கும்.

நான் சைவக்காரி. மடி ஆசாரம் எல்லாம் எங்கள் வீட்டிலேயே மாமியாரோடு போய்ச் சேர்ந்துவிட்டது. என்னைவிட ஆசாரம் பார்க்கிற, சர்ச்சுக்குப் போகிற ஒரு வேதக்காரரை அப்போதுதான் பார்க்கிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிப் பொருமினேன். "நம்ம கை அழுக்கா இருக்கும்ட்டி, போய்க் கழுவிட்டு வா" என்று அவர் என்னையே கேலி செய்தார்.

சங்கரன்கோவிலில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த மனிதருடைய பெயர் தெரியாது. உபதேசியார் என்றால் தெரியும். சர்ச்சில் பாதிரியாரை ஐயர் என்பார்கள். ஐயர் மூன்று நான்கு வருஷத்தில் மாற்றலாகிப் போய்விடுவார். உபதேசியார் அப்படி இல்லை. ஊர் ஊராகப் போய் ஜெபம் பண்ணுவதும், படுக்கையில் கிடப்பவர்களைப் பார்ப்பதும், ஐயர் வராத ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்வதும் அவர் வேலை. மேலநீலிதநல்லூரிலும் குருவிகுளத்திலும் இருக்கிற சின்னச் சின்னச் சபைகளுக்குப் பழைய மொபெட் ஒன்றில் போய் வருவார். வண்டி முன்னால் வரும், புகை பின்னால் வரும், நடுவில் அவர் வெள்ளைச் சட்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

பஸ்ஸில் போனால் வேத வசனத் துண்டுப் பிரசுரத்தை யார் கையிலும் திணிக்க மாட்டார். இறங்கும்போது சீட்டில் வைத்துவிட்டு இறங்குவார். வேண்டியவன் எடுத்துப் படிக்கட்டும், வேண்டாதவன் அதன்மேல் உட்காரட்டும் என்பார். கோவில் வாசலில் கையேந்துகிற கிழவர்களுக்குக் காசு போட மாட்டார். பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்து, ஊர் வெயிலைப் பற்றிப் பேசுவார். எழுந்திருக்கும்போது அவர் உட்கார்ந்த இடத்தில் இட்லிப் பொட்டலம் இருக்கும். மறந்து வைத்துவிட்டுப் போவது போல இருக்கும்.

ஆடித் தபசு சமயத்தில் ஊர் கொள்ளாத கூட்டம் வரும். சர்ச் வாசலில் இவர் பானை பானையாகத் தண்ணீர் வைப்பார். பக்கத்தில் டம்ளர்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு எங்கேயோ தள்ளிப்போய் வேப்பமரத்தடியில் நின்றுகொள்வார். கூட நின்று மொண்டு கொடுத்தால் நாலு பேருக்குச் சுவிசேஷமும் சொல்லலாமே என்று சபையில் சிலருக்கு அவர் மேல் வருத்தம். தண்ணீர் குடிக்க வந்தவனுக்குத் தண்ணீர்தான் என்று சொல்லிவிட்டார். அம்மனைப் பார்க்க வந்த சனம் அந்தத் தண்ணீரைத் தானே மொண்டு குடித்துவிட்டு, யாருக்கும் நன்றி சொல்ல வேண்டிய தொல்லை இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். நானும் குடித்திருக்கிறேன். நன்னாரி போட்டிருப்பார்.

அவர் மனைவியை எல்லாரும் உபதேசியாரம்மா என்போம். அந்த அம்மா ஒரு தரம் கடையில் வெல்லம் வாங்க நிற்கும்போது சொன்னார்கள், கல்யாணம் ஆன நாளிலிருந்து இவர் இன்னொரு கரண்டி சோறு என்று தட்டை நீட்டினதே இல்லையாம். வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவாராம். பசி அடங்கியதா இல்லையா என்று முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமாம். "பச்சப்புள்ளைய வளக்கிற மாதிரிதான் வளக்கேன்" என்று சிரித்தார்கள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. ஒருநாள் அவரிடமே கேட்டுவிட்டேன். உலகத்தில் யாரிடமாவது நீங்கள் கை நீட்டி எதையாவது வாங்கியது உண்டா என்று. மேசையில் இருந்ததைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்.

"உண்டும் தங்கச்சி. திருவிருந்துல ஐயர் அப்பம் குடுக்கும்போது ரெண்டு கையும் நீட்டி வாங்குவேன். அங்கன எல்லாரும் முழங்கால்ல நிக்கோம். யாரும் யாருக்கும் மேல இல்ல."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் புளி எடுத்து வைக்கப் போய்விட்டேன்.

அந்த வருஷம் மார்கழி பிறந்த கையோடு வந்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் ஊருக்கு மழை என்றால் விருந்தாளி. வந்தால் சந்தோஷம், நாலு நாள் இருந்தால் அதிசயம். கண்மாய் நிறைந்தது என்று எங்கள் ஆட்கள் குடை பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனார்கள். அதே மழை தாமிரபரணிக் கரையில் ஊர் ஊராக அள்ளிக்கொண்டு போயிருக்கிறது என்பது போன் எல்லாம் திரும்ப வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே உள்ள ஊர்களில் சனங்கள் மாடியிலும் கோவில் மண்டபத்திலும் உட்கார்ந்திருந்ததைப் போனில் பார்த்தபோது எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சர்ச்சில் அப்போது அசனத்துக்கு அரிசி சேர்த்து வைத்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை சபையார் எல்லாரும் வீட்டுக்கு வீடு அரிசி கொடுத்து, ஒரே இடத்தில் பொங்கி, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் அசனம். கறிக்குழம்பு வாசனை எங்கள் தெரு வரைக்கும் வந்து என் விரதத்தைச் சோதித்துவிட்டுப் போகும். உபதேசியார் புதன்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்ததும் எழுந்து நின்று, இந்த வருஷம் அசனத்தை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோவோம் என்றிருக்கிறார். பிள்ளைகள் ஆசையாகக் காத்திருக்கிறார்களே என்று பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்ததாம். பிறகு அந்தப் பெண்களே அரிசியோடு போர்வையும் சேலையும் கொண்டுவந்து குவித்தார்கள்.

பருப்பு, எண்ணெய், வத்தல்பொடி, தீப்பெட்டி எல்லாம் எங்கள் கடையில் இருந்து போனது. கடைப் பெயரும் ஊர்ப் பெயரும் அச்சடித்த மஞ்சள் துணிப்பை ஒரு கட்டு எங்களிடம் இருந்தது. அதில்தான் கட்டினோம். அரிசி பல வீட்டு அரிசி. ஒரு மணி தடியாக இருக்கும், ஒரு மணி சன்னமாக இருக்கும். இதைச் சேர்த்து வேக வைத்தால் பாதி குழையும் பாதி விறைக்கும் என்று நான் சொன்னேன். அசனச் சோறு அப்படித்தான் இருக்கும் என்று உபதேசியாரம்மா சொன்னார்கள்.

வேனில் நானும் போனேன். புண்ணியத்துக்குப் போனேன் என்று சொன்னால் என் வீட்டுக்காரரே சிரிப்பார். எண்ணெய்ப் பாக்கெட்டை இவர்களை நம்பி அனுப்பினால் போய்ச் சேர்வதற்குள் பாதியை உடைத்துவிடுவார்கள் என்றுதான் ஏறி உட்கார்ந்தேன். சபை வாலிபர்கள் சர்ச் பெயர் போட்டுப் பெரிய பேனர் ஒன்று அடித்து வந்திருந்தார்கள். வேனில் கட்டத் தேடினால் பேனரைக் காணோம். அரிசிப் பைகளை இறக்கும்போதுதான் பார்த்தோம். ஈரம் ஏறாமல் இருக்கப் பைகளுக்கு அடியில் விரித்துப் போட்டிருந்தார் உபதேசியார். எழுத்தெல்லாம் கீழ்ப்பக்கம். நல்ல கெட்டித் துணியாக இருந்தது தம்பி என்று மட்டும் சொன்னார்.

அந்த ஊரில் தண்ணீர் வடிந்து சேறு நின்றது. எங்களுக்கு முன்னால் வந்த வண்டியைச் சுற்றிக் கைகளாகத் தெரிந்தன. மேலே நின்றவர்கள் பொட்டலத்தை எறிய, கீழே நின்றவர்கள் பிடித்தார்கள். எறிகிறவர்கள் நல்ல பிள்ளைகள்தான், வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். உபதேசியார் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எங்கள் வேனைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார். யாரையும் வரச் சொல்லிக் கூப்பிடக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, வீட்டு வாசலில் பையை வைத்துக் கதவைத் தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்றார்.

எனக்குக் கிறுக்கு வேலையாகத்தான் பட்டது. மேலத்தெருவில் ஒரு பெரிய காரை வீடு. இடுப்பளவுக்குத் தண்ணீர் ஏறின கோடு சுவரில் இருந்தது. முன்னால் வந்த வண்டிக்கு அந்த வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. இவர் பையை வைத்தார், தட்டினார், நகர்ந்தார். நான் நாலு வீடு தள்ளி நின்று திரும்பிப் பார்த்தேன். கதவு கொஞ்சமாகத் திறந்தது. வளையல் போட்ட ஒரு கை பையை இழுத்துக்கொண்டது. உடனே உள்ளே ஒரு பெண் வாய்விட்டு அழுகிற சத்தம் கேட்டது. அது ஊருக்கெல்லாம் கொடுத்த வீடு, இதுவரை யாரிடமும் போய் நின்றதில்லை என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். அத்தனை வருஷம் நான் ஆசாரம் என்று கேலி பேசியது என்ன என்று அந்த இடத்தில் எனக்கு விளங்கியது. அவர் மேல் பெரிய மரியாதை வந்தது.

அதோடு திரும்பியிருந்தால் நான் இதை எழுத வேண்டி இருந்திருக்காது.

ஊரின் கீழ்க்கோடியில் காலனி. ஆற்றுக்குப் பக்கம் என்பதால் அங்கேதான் சேதம் அதிகம். பாதிச் சுவர் சரிந்த ஒரு வீட்டு வாசலில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். மாடத்தி என்ற பெயர் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். பீடி சுற்றுகிறவள். நனைந்து கறுத்த பீடி இலையை முறத்தில் பரப்பி, தேறுமா தேறாதா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். உபதேசியார் எல்லா வீட்டிலும் செய்தது போலவே செய்தார். பையை அவளுக்குப் பக்கத்தில், சேறு படாத ஒரு கல்லில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

"நில்லுங்க" என்றாள்.

நின்றார்.

"ஆளு இங்கன குத்துக்கல்லா உக்காந்திருக்கேன். கையில குடுத்தா ஒட்டிக்கிடுமோ?"

அவர் கல்லில் இருந்த பையைப் பார்த்தார். அவள் முறத்தை இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள். கோபமாகக் கூடப் பேசவில்லை. களைத்துப்போன குரல்.

"எங்க தாத்தா காலத்துல இப்படித்தான் தரையில வச்சிட்டு எட்டப் போயிருவாவளாம். வெள்ளம் வீட்டையே கொண்டுட்டுப் போச்சு. இதைக் கொண்டுட்டுப் போவலையே."

பையை எடுத்து வந்தாள். உபதேசியாரின் காலடியில், சேற்றில் வைத்தாள். பிறகு நாலு எட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"எடுத்துக்கிட்டுப் போங்க."

அவர் குனிந்து எடுத்தார். அக்கம்பக்கத்தில் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் மேல் ஆத்திரம், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாமல் நின்ற இவர் மேல் அதைவிட ஆத்திரம். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

திரும்பி வரும்போது வேனில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். சேறு வேட்டியெல்லாம் அப்பியது. திருநெல்வேலி தாண்டினதும் அவராகவே ஆரம்பித்தார். நான் கேட்கவில்லை.

அவருக்குச் சொந்த ஊர் குருவிகுளத்துக்கு அங்கிட்டு, வானம் பார்த்த பூமி. சின்னப் பிள்ளையாக இருக்கும்போது மழை பொய்த்து ஊரே காய்ந்து கிடந்ததாம். மிஷனில் கஞ்சி ஊற்றினார்கள். வரிசையில் முதல் ஆளாக இவர், ரெண்டு கையிலும் தகரத் தட்டை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். பணம் கொடுத்த வெளியூர்க்காரர் ஒருத்தர் போட்டோ பிடித்திருக்கிறார். பிறகு மிஷன் போர்டிங்கில் தங்கிப் படிக்கச் சேர்ந்தபோது, அங்கே சாப்பாட்டு அறைச் சுவரில் அந்தப் படம் சட்டம் போட்டுத் தொங்கியது. படிப்பு முடிகிறவரைக்கும் அந்தக் கைகளுக்குக் கீழே உட்கார்ந்துதான் சாப்பிட்டிருக்கிறார். பையன்கள் வைத்த பட்டப்பெயர் கைநீட்டி. விருந்தாளி யார் வந்தாலும் வார்டன் அவரைக் கூப்பிட்டுப் படத்துக்குப் பக்கத்தில் நிற்க வைப்பாராம். கெட்ட எண்ணம் இல்லை தங்கச்சி, அவருக்கு என் மேல் பிரியம் என்று உபதேசியார் சொன்னார்.

அப்படியானால் இதை அவளிடம் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"என்னன்னு சொல்ல? அவ சொன்னது சரிதானே. நானும் அந்த மாதிரித் தெருவுல பொறந்தவன்தான். எங்க அம்மைக்கும் கூலி நெல்லைத் தரையில கொட்டிட்டு எட்டப் போயிருவாவ. எங்க அம்மை முந்தியால கூட்டி அள்ளுவா. நான் கூட நின்னு பாத்திருக்கேன்." பையில் அப்பியிருந்த சேற்றை விரலால் வழித்தார். "அந்தப் போட்டோ ஒண்ணையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். எங்க அம்மையை மறந்துட்டேன்."

அவர் அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். டிரைவர் பாட்டை நிறுத்திவிட்டார்.

அதற்குப் பிறகு சபையார் வேறு ஊர்களுக்கு வேன் கொண்டுபோனார்கள். இவர் போகவில்லை. பையைத் துவைத்துக் காயப்போட்டு, அதே அரிசியை அதில் கட்டிக்கொண்டு, தனியாக பஸ் ஏறினார். ரோடு அறுந்த இடத்தில் இறங்கிச் சேற்றில் நடந்து போயிருக்கிறார். காலில் எப்போதும் பித்தவெடிப்பு உண்டு அவருக்கு. செருப்பு சேற்றில் மாட்டிக்கொள்கிறது என்று அதையும் கழற்றிவிட்டாராம். நான் போக வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டுதான் சொன்னேன். கிறிஸ்மஸ் வேலை கிடக்கிறது, ஒருத்தி கோபத்தில் பேசியதற்கு இப்படியா என்று கேட்டேன். "அவ கோவம் ஆறணும்னு போவல. அவ கையில குடுக்கணும்" என்றார்.

பொழுது சாயும் நேரத்துக்குத் திரும்பி வந்தார். பை கையிலேயே இருந்தது. மாடத்தி வீட்டில் இல்லை. வீடு இருக்கிற லட்சணத்தில் அங்கே இருக்க முடியாது என்று அவள் அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டானாம். எந்த ஊர் என்று பக்கத்து வீட்டில் சரியாகத் தெரியவில்லை. வாசலில் வைத்துவிட்டுப் போங்கள், வந்ததும் கொடுக்கிறோம் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இவர் வைக்கவில்லை. ஆயுசு முழுக்க எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டுப் போன மனிதர், அந்தப் பையைப் பஸ்ஸில் கூடக் கீழே வைக்காமல் மடியிலேயே கொண்டுவந்திருந்தார்.

"வீட்டுல வச்சா என் வீட்டுக்காரி எடுத்துப் பொங்கிருவா. உங்க கடையில இருக்கட்டும் தங்கச்சி. ரோடு சரியானதும் திரும்பப் போறேன்."

சொல்லிவிட்டுப் பையை நீட்டினார். மேசையில் வைக்கவில்லை. என் கையில் கொடுத்தார். அத்தனை வருஷப் பழக்கத்தில் அதுதான் முதல் தடவை. எனக்கு அதை நினைக்கக்கூட நேரம் இல்லை, ஏனென்றால் அவர் விரல் பட்ட இடம் சுட்டது. நல்ல காய்ச்சல்.

கிறிஸ்மஸ் ஆராதனையில் பாடிக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்துவிட்டார். சேற்றில் நடந்த அலுப்பு என்று சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள். கண் மஞ்சளானதும் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். எலிக்காய்ச்சல் என்றார்கள். வெள்ளத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் பலருக்கு வந்ததாம், காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் சேற்றுத் தண்ணீரிலிருந்து ஏறிவிடுமாம். வேனில் போன அன்றைக்கே அவருக்கு ஏறியிருக்கலாம்.

நானும் வீட்டுக்காரரும் பார்க்கப் போனோம். இரண்டு கையிலும் ஊசி குத்தி டியூப் மாட்டியிருந்தது. உபதேசியாரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஸ்பூனால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி பை இருக்கா என்பதுதான். இருக்கு என்றேன்.

"எலி கடிச்சிராம பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எலிக்காய்ச்சலில் கிடந்துகொண்டு அவர் சொன்ன வேடிக்கை அது. நான் சிரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

டிரைவரை அனுப்பி எப்படியாவது அவளைத் தேடிப் பிடித்து, அவள் கையிலேயே கொடுக்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார்.

"வேண்டாம். நீங்க யாரும் குடுத்திராதிய. தரையில வச்சவன் நான்தானே. நானே போவணும்."

போக முடியவில்லை. பொங்கலுக்குக் கடையில் கரும்பு வந்து இறங்கின அன்று போன் வந்தது.

மறுநாள் அடக்கம். கடையை அரை ஷட்டர் இறக்கிவிட்டு நான் சர்ச்சுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பெண் வந்து படியில் நின்றாள். கையில் எங்கள் கடைப் பை, மடித்து வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரியுடையதாம். அதில் இருந்த பெயரைக் காட்டிக் காட்டி, பஸ் மாறி மாறி வந்து சேர்ந்திருக்கிறாள். எனக்கு முகம் பிடிபடச் சற்று நேரம் ஆனது. அவளுக்கு என்னை நினைவு இல்லை.

"யக்கா, இந்தக் கடையில இருந்து வெள்ளத்துக்கு வந்தாவளே, அதுல ஒரு பெரியவரு. வெள்ளைச் சட்டை. அவரு எங்கன இருப்பாரு?"

நான் வாயெடுப்பதற்குள் அவளே பேசினாள். அண்ணன் வீட்டிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். அந்த மனிதர் முழங்கால்வரை சேற்றோடு வந்தார், வெறுங்காலோடு நின்றார், வாசலில் வைத்துவிட்டுப் போங்கள் என்று எவ்வளவோ சொல்லியும் பையைக் கீழே வைக்கவே இல்லை, அவ கையிலதான் குடுக்கணும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் என்று. கேட்டதிலிருந்து தூக்கம் இல்லை என்றாள்.

"வாயில வந்ததைச் சொல்லிட்டேன் அன்னைக்கு. வாங்கிக்கிடுதேன்னு சொல்லத்தான் வந்தேன்."

நான் சொன்னேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தேன். இது உனக்காக அவர் வைத்திருந்தது என்று சொல்லி நீட்டப்போய், அவர் ஆஸ்பத்திரியில் சொன்னது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன். என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. பையை என் இடுப்பில் வைத்துக்கொண்டு, வா என்று அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். சர்ச்சுக்குப் போகிற வழியில் அந்தப் போட்டோவைப் பற்றியும், அவருடைய அம்மா நெல் அள்ளியதைப் பற்றியும் சொல்லிக்கொண்டே போனேன். அவள் கேட்டுக்கொண்டு வந்தாள்.

சர்ச்சுக்குப் பின்னால்தான் அவர்கள் வீடு. பெட்டியில் வெள்ளைச் சட்டையோடு கிடத்தியிருந்தார்கள். கைகளை நெஞ்சின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்தார்கள். ஊசி குத்திய இடம் கறுத்திருந்தது. எங்கள் ஆட்களும் நிறைய வந்திருந்தார்கள், கோவில் வாசலில் உட்காருகிற கிழவர்கள் இரண்டு பேர் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றார்கள். நான் உபதேசியாரம்மாவிடம் குனிந்து, இவள்தான் மாடத்தி என்று சொன்னேன். அந்த அம்மாவுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

மாடத்தி என் இடுப்பில் இருந்த பையின் முடிச்சை அவிழ்த்தாள். "இது எனக்குன்னு வச்சதுதானே யக்கா?" என்று கேட்டுக்கொண்டு ஒரு பிடி அரிசி அள்ளினாள். தடியும் சன்னமுமாகக் கலந்த அசன அரிசி. அதைக் கையில் மூடிக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் போனாள்.

சபைப் பெரியவர் ஒருத்தர் தயக்கத்தோடு முன்னால் வந்தார். வாய்க்கரிசி போடப் போகிறாள் என்று நினைத்துவிட்டார். "தாயி, எங்கள்ல அந்த வழக்கம் கிடையாது" என்று பக்குவமாகத்தான் சொன்னார்.

"வாயில போடல அய்யா" என்றாள். "கையில குடுக்கேன்."

பெரியவர் ஐயரைப் பார்த்தார். ஐயர் உபதேசியாரம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா எழுந்து, மேலே இருந்த கையைப் பிடித்து, விறைத்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக நீவி விரித்து, உள்ளங்கை மேலே தெரியும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டார்கள். மாடத்தி குனிந்தாள். தன் கை அவர் கையில் பதியும்படி வைத்து, அரிசியை விட்டாள். ஒரு மணி சிந்தவில்லை. உபதேசியாரம்மா விரல்களை மூடிவிட்டு, அந்த மூடின கைமேல் நெற்றியை வைத்து அழுதார்கள். வீடே அழுதது. நானும் அழுதேன்.

பையில் மிச்சம் இருந்ததை அந்த அம்மா என்னிடமிருந்து வாங்கி மாடத்தியின் இரண்டு கையிலும் வைத்தார்கள். அவள் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டம்வரைக்கும் எங்களோடு நடந்து வந்தாள்.

பெட்டி ஏற்றின வண்டி எங்கள் கடை வாசலைத் தாண்டித்தான் போனது. என் வீட்டுக்காரர் ஷட்டரை முழுதும் இறக்கிவிட்டுக் கும்பிட்டு நின்றார். பெட்டிக்குள் அவர் ஒரு பிடி அரிசியோடு போய்க்கொண்டிருந்தார். ஒரு மனிதக் கையிலிருந்து அவர் கையில் வாங்கி நான் பார்த்தது அது ஒன்றுதான்.